அம்மா மெல்போர்னிலேயே தங்குவதற்கு

மூன்று மாத வருகை விசாவில் மெல்போர்ன் வந்திருக்கும் 68 வயது அம்மா, பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே "நான் இங்கேயே இருந்துவிடட்டுமா?" என்று கேட்ட நாளிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெற்றோர் விசா விதிகளைப் படித்துவருகிறேன். இதே நிலையில் உள்ளவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், வந்த விசாவில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இங்கிருந்தபடி வேறு விசா கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அடுத்து, நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கு, பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட இங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். தம்பி திருச்சியில், நான் இங்கே என்பதால் எங்களுக்குத் தடையில்லை. ஊரில் இரு பிள்ளைகளும் இங்கே ஒருவரும் உள்ள தாய்க்கு இவ்வழி கிடையாது என்பது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

67 வயதானவர்கள் இங்கிருந்தே முதிய பெற்றோருக்கான நிரந்தர விசாவான 804-க்கு விண்ணப்பித்து, முடிவு வரும்வரை இடைக்கால விசாவில் தங்கலாம்; வரிசையோ ஏறத்தாழ 30 ஆண்டுகள். பங்களிப்புப் பெற்றோர் விசாவான 143-க்கு ஒருவருக்கு 40,000 டாலருக்கு மேல் செலவாகும், அதற்கும் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பெற்றோருக்கான தற்காலிக விசாவான 870, 3 அல்லது 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டாது, அதைப் பெற்றவர்கள் பிறகு இங்கிருந்தே 804 கேட்கவும் முடியாது.

அம்மாவின் விசாவில் 8503 இல்லை. தம்பி பிறப்புச் சான்றிதழ்களை அனுப்பியதும் 804-க்கு விண்ணப்பிக்கவிருக்கிறோம்.