அம்மா ரூம் ஜன்னல்

ஜூன் 3
வெளிச்சுவர்ல செங்கல் கட்ட பழைய பலகைய பிரிச்சாங்க. கீழ் மூலை மரத்த விரலால அமுக்கினேன், நனைஞ்ச அட்டை மாதிரி உள்ள போச்சு. அம்மா தலைமாட்டுக்கு நேர் பின்னாடி அது.

ஜூன் 4
ராத்திரி பூரா இருமல்.

ஜூன் 6
வெளிய செங்கல் கட்டிட்டா தண்ணி வராதுன்னுதான் இத்தன நாள் நெனச்சேன். செங்கல் தண்ணி குடிக்கும், கலவை வழியாவும் பின்னாடி எறங்கும், அத தடுக்கிறது பின்னாடி மரச்சுவர்ல சுத்தின தண்ணி புகாத ஷீட்டும், அதுக்கும் செங்கலுக்கும் நடுவுல விடுற 1 இன்ச் சந்தும்தான். ஜன்னல சுத்தி எங்கயாவது விட்டுப்போச்சுன்னா நேரா அந்த மூலைக்குத்தான்.

ஜூன் 7
ஜன்னல சுத்தி தண்ணி புகாத டேப் ஒட்டினாங்க. முதல்ல கீழ, ஜன்னல வச்சதும் ரெண்டு பக்கம், கடைசில மேல. ஓடு வேயற மாதிரி மேல உள்ளது கீழ உள்ளது மேல படிஞ்சு நிக்கணும். ஜன்னல வைக்கிறப்போ ஃபிரேமோட கீழ்ப்பட்டிக்கும் சீலண்ட், அதான் சந்த அடைக்கிற பசை, பூசப் போனாங்க, ஓடிப்போய் நிறுத்தினேன், அண்ணே உள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணாமான்னு கேட்டேன், மேஸ்திரி ஒண்ணும் பேசல, தொடச்சு எடுத்துட்டார்.

ஜூன் 8
மழை, வேலை இல்ல. மேல ஷீட்ட டேப்புக்கு மேல விட்டாங்களா, அடில சொருகிட்டாங்களா? போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாக்குறேன், தெரியல.

ஜூன் 9
சொருகித்தான் வச்சிருந்தாங்க. அப்படியே விட்டிருந்தா ஷீட்ல வழியிற தண்ணி மொத்தமும் டேப்புக்குப் பின்னாடி போயிருக்கும். ஷீட்ட வெளிய எடுத்து டேப் மேல எறக்கி ஒட்ட வச்சேன். அப்புறம்தான் சாப்பிட்டேன்.

ஜூன் 12
லிண்டல் மேல தகடு போட்டாச்சு, ரெண்டு முனையும் மேல மடக்கி, இல்லன்னா ஓரத்துல வழிஞ்சு சந்துக்குள்ள விழும். தகட்டுக்கு மேல முதல் வரிசைல 2 அடிக்கு ஒண்ணா கலவை வைக்காம தண்ணி வெளிய வர சின்ன சின்ன ஓட்டை விட்டிருக்காங்க. ஆனா கரண்டிலேர்ந்து கலவை சந்துல விழுந்துட்டே இருக்கு, டார்ச் அடிச்சா உள்ள கட்டி கட்டியா தெரியுது, ஓட்டை அடைஞ்சுட்டா தகடு போட்டு என்ன பிரயோஜனம். குச்சி விட்டு நானே தள்ளி எடுத்தேன்.

ஜூன் 13
அம்மா தூங்கினாங்க. 5 மணி வரைக்கும்.

ஜூன் 16
ஜன்னலுக்கு அடில வர்ற செங்கல வெளிப்பக்கம் வாட்டமா வச்சிருக்காங்க, நல்லா இருக்கு. ஃபிரேமுக்கும் செங்கலுக்கும் நடுவுல கலவை வேணாம், நுரைக் கயிறு சொருகி மேல சீலண்ட்னு காலைலயே சொல்லிட்டேன்.

ஜூன் 18
ஹோஸ்ல தண்ணி அடிச்சோம், கீழேர்ந்து மெதுவா மேல. நான் உள்ள மூலைல கைய வச்சுட்டு உக்காந்திருந்தேன். காஞ்சுதான் இருந்துச்சு. வெளிய ஓட்டைலேர்ந்து சொட்டுதுன்னு மேஸ்திரி கத்தினார்.

ஜூன் 19
மழை. மூலைய தொட்டுப் பாத்தேன்.