பழைய லெகோ வீடு: சுவர் வெளுத்தது, கீல் படுத்துகிறது

மஞ்சளாகிப்போயிருந்த சுவர் பழையபடி வெள்ளையாக வெளுத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீல் விஷயத்தில் சொல்ல நல்ல சேதி எதுவும் இல்லை.

பிளாஸ்டிக் பிரிக்குகளை ஒன்றோடொன்று செருகிக் கட்டும் லெகோ பொம்மை, 1980களின் தொடக்கத்தில் வந்த டவுன் வரிசை வீடு. சிங்கப்பூர் மாமா கொண்டுவந்தது. வெள்ளைச் சுவர், சிவப்புச் சாய்வுக் கூரை, கீலில் திருப்பினால் வீடு இரண்டாகத் திறக்கும். செட் எண்ணை இப்போதைக்கு எழுதமாட்டேன். இன்னும் சில பாகங்கள் வாங்கவேண்டியிருக்கிறது, விற்பவர்களும் இதைப் படிப்பார்கள். கூரையைச் சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

கழுவுவது பற்றி எழுத ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் பிரஷ், 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். பிரச்சினை மஞ்சள். பிரிக் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருக்கும் பியூட்டடையீன் என்ற பொருள் வெயிலிலும் காற்றிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. ஆனாலும் குறை சொல்லக்கூடாது. 1963க்கு முன்பு லெகோ பயன்படுத்திய செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் பிரிக்குகள் கோணியே போயிருக்கும். நம்முடையதில் வெளிப்பக்கம்தான் பழுப்பு. ஒரு பிரிக்கைப் பிடுங்கி அடியைப் பார்த்தால் பளிச்சென்று வெள்ளை.

வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயில். பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் 2008இல் ரெட்ரோபிரைட் என்று பெயர் வைத்துப் பரப்பிய அதே முறை. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதமே போதும். பார்லர்காரர்கள் வைத்திருக்கும் 12 சதவீத கிரீமைத் தடவச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தடவிய கோடு அப்படியே நிற்கும், அப்புறம் அதை யார் சரிசெய்வது? கையுறை கட்டாயம். விரல் நுனி வெளுத்து அரை மணி நேரம் சுரீரென்று எரியும்.

எந்த வீடியோவிலும் சரியாகச் சொல்லாத ஒன்று, மிதப்பது. ஏபிஎஸ் தண்ணீரில் மூழ்கும், சரி. ஆனால் வெயில் ஏற ஏறப் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜன் குமிழி வரும். பிரிக்கின் அடியில் குழாய் இருக்கும் அந்தக் குழிக்குள் குமிழிகள் சேரும். கொஞ்ச நேரத்தில் பிரிக் மெதுவாக எழும்பி, ஒரு பக்கம் வெளியே தெரிய மிதக்கும். வெளியே தெரிந்த பக்கத்தில் திட்டுத்திட்டாக வெண்மை விழுந்துவிடும். மஞ்சளைக்கூட எடுத்துவிடலாம், இந்தத் திட்டை எடுக்கவே முடியாது. சிலர் வலைப்பையில் கட்டி அமுக்குகிறார்கள். பையின் நூல் பட்ட இடத்தில் கோடு. சிலர் ஸ்டீல் தட்டை மேலே வைக்கிறார்கள். சில உலோகங்கள் பட்டால் பெராக்சைடு சீக்கிரம் சிதைந்து வீணாகும், அதனால் அதுவும் வேண்டாம்.

நான் செய்தது இது. ஒரு பெரிய லெகோ பிளேட்டை (தட்டையான மெல்லிய பிரிக்), குப்பையில் போனாலும் கவலையில்லாத ஒன்றை, கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் கவிழ்த்துப் போட்டேன். அதன் அடிப்பக்கக் குழாய்களுக்கு நடுவே ஒவ்வொரு சுவர் பிரிக்கையும் தலைகீழாக, தலையில் இருக்கும் வட்டப் புடைப்புகளான குமிழ்கள் கீழே வருமாறு, லேசாகச் செருகினேன். இப்போது பிரிக்கின் குழி மேல்நோக்கி இருக்கிறது. வருகிற குமிழி தங்க இடமில்லாமல் நேராக மேலே போய்விடுகிறது. பிளேட்டின் நாலு மூலையிலும் கோலிக்குண்டு, பாரத்துக்கு. குமிழ்களுக்கு மருந்து படாதே என்று கேட்பீர்கள். சுவரில் குமிழ்கள் எப்போதும் அடுத்த பிரிக்குக்குள் மறைந்துதானே இருந்தன? அவை மஞ்சளாகவே இல்லை. ஒரு பிரிக்கைக்கூட எழும்பவிடாமல் முழுத் தொகுதியும் ஒரே நிறத்தில் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

மாசி வெயில் தாராளம். சித்திரையில் மொட்டைமாடித் தளத்தில் நேரடியாக வைக்காதீர்கள், தண்ணீர் கொதிக்காத குறையாகச் சுடும். மர ஸ்டூல் மேல் வையுங்கள். மூடி போடவேண்டும், ஆனால் இறுக்கக்கூடாது, வாயு வெளியே போகவேண்டும். மூடாமல் விட்டால் கோலிக்குண்டைப் பார்த்துக் காக்கா வந்து உட்காரும். எங்கள் தெருக் காக்காய்கள் அப்படி. வெளுத்தது நிரந்தரமில்லை, மறுபடி மஞ்சள் ஏறலாம். அதனால் ஷோகேஸ் ஜன்னல் பக்கம் கிடையாது.

சில பிளேட்டுகளின் ஓரத்தில் பல் தடம் இருக்கிறது. பிரிக்கைப் பிரிக்கும் கருவியை லெகோ கொண்டுவந்ததே 1990இல்தான், அதுவரை பல்தான் கருவி. அக்காவிடம் காட்டினேன். "டேய், நடுவுல இடைவெளி இருக்கு பாரு, அது உன் பல்லு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். தடம் இருக்கட்டும், மாற்றப்போவதில்லை.

கட்டும்போது இன்னொரு சங்கதி. இப்போதைய செட்களில் படிக்குப் படி எந்தப் பாகம் எத்தனை என்று கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள், பைகளில் எண் வேறு. அந்தக் காலக் கட்டும் முறை ஏட்டில் ஒன்றும் கிடையாது. முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து எது புதிதாக வந்திருக்கிறது என்று நாமே தேடவேண்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இப்போதைய ஏடுகள் ரொம்பவும்தான் ஊட்டிவிடுகின்றன.

சரி, கீல். இரண்டு பாதி சேர்ந்து ஒரு 1×4 பிரிக் (ஒரே வரிசையில் நாலு குமிழ்) ஆகும் அந்தப் பழைய வகை. பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய காது. ஒன்றில் அது மயிரிழையாக விரிந்திருக்கிறது, வீட்டைத் திறந்தால் பாதிச் சுவர் கையோடு வருகிறது. பசை போட மாட்டேன், போட்டால் கீல் எதற்கு? சேர்கிற இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டுப் பார்த்தேன். தளர்வு போனது, விரிசல் போகவில்லை. மூன்றாம் தடவை திறப்பதற்குள் பழையபடி.

மாற்றுப் பாகத்துக்கு பிரிக்லிங்க்தான். 2000இல் தனியாள் ஒருவர் தொடங்கிய இணையச் சந்தை, 2019இல் லெகோவே வாங்கிவிட்டது. அங்கே கீல் மலிவு, தபால் செலவுதான் கழுத்தை அறுக்கிறது. போதாக்குறைக்கு இங்கே பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. அதனால் ஒரே பொதியில் நிறைய வாங்கிவிடுவது என்று கூரைச் சாய்வும் சாம்பல் பிளேட்டும் சேர்த்துக் கேட்டிருந்தேன். விற்றவர் புதுச் சாம்பலை அனுப்பிவைத்தார். 2004 வாக்கில் லெகோ சாம்பல் நிறத்தை நீலம் கலந்ததாக மாற்றியதிலிருந்து இந்தத் தலைவலி. பக்கத்தில் வைத்தால் பழையது வெதுவெதுப்பாக, புதியது ஆஸ்பத்திரிச் சுவராக இருக்கும். "சாம்பல் சாம்பல்தானே" என்று பதில் வேறு.

கீல் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் 1978இல் வந்த 375ஆம் எண் செட்டான மஞ்சள் கோட்டைக்குப் பாகம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். குதிரையையே பிரிக்கால் கட்டும் செட் அது. விலை பயங்கரம், வீரர் பொம்மையின் தலைக்கவச முகமூடி ஒன்றுக்கே யானை விலை சொல்கிறார்கள். ஆனால் சுவர் முழுக்க மஞ்சள், பெராக்சைடு செலவு மிச்சம்.