ஸ்நேருக்கு மைக் தேடப் போய் ஹை-ஹாட்டோடு மல்லுக்கட்டிய கதை

சாலிகிராமம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தாழ்வான கான்கிரீட் கூரை. குரல், கிதார், எப்போதாவது தவில், நாதஸ்வரம் பதிவு செய்வோம். டிரம்ஸ் என்றால் கணினியிலேயே ப்ரோகிராம் செய்து முடித்துவிடுவது வழக்கம். போன வருடம் ஒரு இண்டி பேண்ட் பையன்கள் வந்து, “அண்ணா, எங்களுக்கு சாம்பிள் வேணாம், ஆளு உக்காந்து வாசிக்கிறதுதான் வேணும்” என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மைக் இருந்தது. ஓவர்ஹெட்டுக்கு, அதாவது செட்டுக்கு மேலே வைக்க, ஒரு ஜோடி கண்டென்சர் (நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் மைக்) இருந்தது. ஸ்நேருக்கு, அதாவது அடித்தோலில் கம்பிகள் ஒட்டிக்கிடக்கும் டிரம்முக்கு, எதைப் போடுவது என்பதுதான் பாக்கி.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஷூர் எஸ்எம் 57. 1965-இல் வந்த மைக். அமெரிக்க அதிபர் பேசும் மேடையிலும் அதுதான் நிற்கிறது, ஊர்ப்பட்ட ஸ்நேர்கள் முன்னாலும் அதுதான் நிற்கிறது. விலையும் கைக்கு எட்டும். ஆனால் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதில் போலிகள் ஏராளம் என்பதால், வாங்குவதற்கு முன் நாலைந்து மைக்குகளைக் கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் ஒரு பெட்டியே கொடுத்தனுப்பினார். “ரெண்டு நாள் வச்சுக்க தம்பி, கிளிப்ப மட்டும் தொலைச்சிடாத.” பெட்டியில் எஸ்எம் 57, பீட்டா 57ஏ, ஆடிக்ஸ் ஐ5, சென்ஹைசர் எம்டி 421, ஏகேஜி சி451 இருந்தன. முதல் நான்கும் டைனமிக் வகை, சி451 மட்டும் கண்டென்சர்.

மைக்கைத் தொடுவதற்கு முன் டிரம்மை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. டிரம்மர் தம்பியின் ஸ்நேர் 14 அங்குல ஸ்டீல், ஐந்தரை அங்குல ஆழம். மேல்தோல் நடுவில் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி குழிகள். அதை மாற்றினோம். எதிரெதிர் லக்குகளாக (தோலை இறுக்கும் திருகுகள்) முடுக்கி, ஒவ்வொரு லக்கின் பக்கத்திலும் குச்சியால் தட்டி ஒரே சுதிக்குக் கொண்டுவந்தான். மிருதங்கத்துக்கு சுதி சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த பையன், அந்தப் பொறுமை அவனிடம் இருந்தது. மிச்சமிருந்த ரீங்காரத்துக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு ஜெல் துண்டு. இதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்று இப்போதும் சொல்வேன். தொளதொளத்த தோலுக்கு எந்த மைக்கும் வைத்தியம் பார்க்காது.

ஒப்பிடுவதற்கு இரண்டிரண்டு மைக்காக எடுத்து, தலைகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி இன்சுலேஷன் டேப் சுற்றி, ரிம்முக்கு (விளிம்பு வளையம்) மேலே இரண்டு விரற்கடை உயரத்தில், தோலின் நடுவைப் பார்த்துச் சாய்த்து வைத்தோம். ஒரே அடி இரண்டிலும் பதிவாகும். டிரம்மர் மாற்றி வாசித்துவிட்டான் என்ற சாக்குக்கு இடமில்லை. கேட்பதற்கு முன் இரண்டு டிராக்கின் அளவையும் சமமாக்கியே ஆக வேண்டும். பீட்டா 57ஏ இயல்பாகவே சில டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும். எது சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். இந்த விஷயத்தில் யார் காதையும் நம்பக் கூடாது.

தனியாகக் கேட்டபோது சி451-ஐ எல்லாருக்கும் பிடித்துப்போனது. பளிச்சென்று, கம்பிகளின் சரசரப்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஓங்கி அடித்தால் ஒலி உடையாமலிருக்க அதன் பேடை, அதாவது அளவைக் குறைக்கும் வசதியைப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 421-இல் உடம்பு கனமாக வந்தது. ஆனால் ஹை-ஹாட்டுக்கும் (ஸ்நேர் பக்கத்தில் காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளம்) டாமுக்கும் (செட்டின் இன்னொரு டிரம்) நடுவில் அந்தப் பெரிய மைக்கை நுழைப்பதற்குள் டிரம்மரின் குச்சி அதில் இடிக்க ஆரம்பித்தது. ஐ5 அடியின் ‘டக்’கை முன்னால் தள்ளியது. 57 கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, நடுவே அழுத்தமாக. “இதுக்கா இவ்வளவு பேரு?” என்று பேஸ் வாசிக்கிற பையன் கேட்டான்.

அப்புறம்தான் அந்தச் சோதனை. டிரம்மரிடம் ஸ்நேரைத் தொடாமல் ஹை-ஹாட்டை மட்டும் எட்டு பார் வாசிக்கச் சொன்னேன், பாதி மூடி, பாதி திறந்து. பிறகு ஸ்நேர் டிராக்கை மட்டும் சோலோ போட்டுக் கேட்டோம். சி451-இல் ஹை-ஹாட்டுக்கென்றே மைக் வைத்தது போல ‘ட்ஸ் ட்ஸ் ட்ஸ்’ என்று தெள்ளத்தெளிவாக வந்தது. மற்றவற்றில் ஒன்றுக்கொன்று குறைவாக.

இது ஏன் முக்கியம் என்றால், ஸ்நேர் டிராக்கை யாரும் வந்தபடியே விடுவதில்லை. கம்ப்ரஸர் போடுவோம், அது அடியை அமுக்கி, அடிகளுக்கு நடுவே இருப்பதை மேலே தூக்கும். நடுவே இருப்பது ஹை-ஹாட். பளபளப்புக்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 5, 6 டெசிபல் ஏற்றுவோம். ஹை-ஹாட்டும் கூடவே ஏறும். கேட் (மெல்லிய ஒலியை வெட்டிவிடும் கருவி) போட்டுத் தடுக்கலாமே என்றால், அடிகளுக்கு இடையே மெல்லத் தட்டுகிற கோஸ்ட் நோட்டுகள் அதில் காணாமல் போகும். இந்தத் தம்பியின் வாசிப்பே அந்தக் கோஸ்ட் நோட்டுகளில்தான் இருந்தது. ஆக, ஸ்நேரை எவ்வளவு அழகாக எடுக்கிறது என்பதைவிட ஹை-ஹாட்டை எவ்வளவு தள்ளி வைக்கிறது என்று பார்த்து மைக்கைத் தேர்ந்தெடுப்பதே எனக்குச் சரியென்று பட்டது.

அதற்கு மைக்கின் செவிட்டுப் பக்கம் எது என்று தெரிய வேண்டும். கார்டியாய்டு மைக்குக்கு (முன்னால் வருவதை அதிகமாகக் கேட்கும் வகை) அது நேர் பின்னால், 180 டிகிரியில். எஸ்எம் 57-உம் ஐ5-உம் இந்த வகை. பீட்டா 57ஏ சூப்பர்கார்டியாய்டு, இன்னும் குறுகலாகக் கேட்கும் வகை. அதன் செவிட்டுப் பக்கம் பின்னால் இருபுறமும் சாய்வாக, ஏறக்குறைய 126 டிகிரியில் இருக்கும். நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். எங்கள் செட்டில் மைக் ஹை-ஹாட்டுக்கும் முதல் டாமுக்கும் நடுவிலிருந்து நீண்டது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஹை-ஹாட் மைக்கின் பின்பக்கத் தோளுக்கு மேலே, கிட்டத்தட்ட அந்தச் சாய்வுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

காகிதக் கணக்கு எல்லா அலைவரிசையிலும் அப்படியே நடக்காது. அதனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டிரம்மரை ஹை-ஹாட்டைத் தொடர்ந்து தட்டச் சொல்லிவிட்டு, மைக்கை அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் ‘ட்ஸ்’ஸின் கூர்மை மங்கி, வெறும் ‘ப்ச்’ மாதிரி ஆனது. “அப்படியே விடுங்கண்ணா” என்று அவனே சொன்னான், அவன் காதிலும் ஹெட்போன் இருந்தது. ஸ்டாண்டை முடுக்கி, தரையில் கால்களைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டோம். ஹை-ஹாட்டையும் இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்ளச் சொன்னேன். முணுமுணுத்தான், ஆனால் உயர்த்தினான். அதே இடத்தில் 57-ஐ வைத்தபோது ஹை-ஹாட் கூடவே வந்தது. மைக்கை இன்னும் செங்குத்தாக்கினால் குறைந்தது, ஆனால் குச்சி போகிற வழியில் வந்து நின்றது.

மிச்சமெல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஓவர்ஹெட் இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க ஒரு மைக் கேபிளையே அளவுகோலாகப் பிடித்துப் பார்த்தோம். ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒலி ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அந்தத் தாமதம் வேறுபட்டால் ஸ்நேர் ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்நேருக்குக் கீழே 57-ஐக் கம்பிகளைப் பார்த்து வைத்தோம். மேலே அடித்தால் மேல்தோல் மேல் மைக்கை விட்டு விலகும், அடித்தோல் அடி மைக்கை நோக்கி வரும். அதனால் அடி மைக் டிராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்பிப் போடாவிட்டால் ஸ்நேரின் வயிறே காலியாகிவிடும். அந்த டிராக்கில் கிக்கும் நிறைய வந்தது. மிக்ஸில் உப்பு அளவுக்குத்தான் சேர்த்தேன்.

வேகமான பாட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்நேரின் மேல் மைக் பீட்டா 57ஏ-தான். மிக்ஸில் 8 கிலோஹெர்ட்ஸைத் தாராளமாகவே ஏற்ற முடிந்தது. மூக்கால் பேசியதாகச் சொன்ன 57-உம் மிக்ஸில் கிதாருக்கு நடுவே பிசிறில்லாமல் உட்கார்ந்தது. அதன் குரல் 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் எழும்பி நிற்பது அங்கேதான் உதவுகிறது. சோலோவில் கேட்டு அதைக் கழித்துக்கட்டக் கூடாது.

மெதுவான பாட்டு ஒன்று மட்டும் விதிவிலக்கு. அதில் தம்பி குச்சிக்குப் பதில் ப்ரஷ் வைத்துத் தோலில் தேய்த்தான், ஹை-ஹாட்டைக் காலால் மட்டும் மூடினான். அந்தத் தேய்ப்பு டைனமிக் மைக்குகளில் மங்கலாக வந்தது; சி451-இல் மூச்சு மாதிரி கேட்டது. அன்று அதையே வைத்தோம். முடிவில் பீட்டா 57ஏ ஒன்றும் எஸ்எம் 57 ஒன்றும் பில்லோடு வாங்கினேன். கண்டென்சரை ப்ரஷ் வேலை வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் கடற்காற்று ஈரத்தில் கண்டென்சர் கரகரக்கத் தொடங்கிவிடும் என்பதால், எடுத்து வந்ததும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போட்டுவிட்டு, பதிவுக்குச் சற்று முன்னால்தான் வெளியே எடுப்பேன்.