காலியாகக் கிடந்த புகார்ப் பெட்டி: ஒரு சமூகப் பொறுப்புத் திட்டத்தை மாற்றியமைத்த அனுபவம்

பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் சமூகப் பொறுப்புப் பிரிவில் இருந்தபோது, தலைமையகம் வகுத்த குறைதீர்ப்பு முறையை ஆலை அமைந்த பகுதிக்கு ஏற்ப மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லா நாடுகளுக்கும் ஒரே ஏற்பாடுதான்: ஆலை வாசலில் பூட்டிய புகார்ப் பெட்டி, கட்டணமில்லாத் தொலைபேசி எண், இணையப் படிவம். உள்ளூர் மொழியில் அறிவிப்பு ஒட்டியும் பெட்டி மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. காலாண்டு அறிக்கையிலோ அது 'புகார் ஏதுமில்லை' என்று நற்செய்தியாகப் பதிவானது.

வீடு வீடாகச் சென்று உட்கார்ந்து பேசியபோது, லாரிகள் கிளப்பும் புழுதி முதல் கிணற்று நீர் பற்றிய அச்சம் வரை எல்லாம் வெளிவந்தன. பெயரெழுதிக் கொடுத்தால் ஆலையில் வேலை பார்க்கும் உறவினருக்குப் பாதகமாகிவிடும் என்ற பயம் ஒருபுறம். மூத்தவர் ஒருவரை முன்னிறுத்தி நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் மறுபுறம். அப்படியானால் ஊர்ப் பெரியவர்கள் வழியாகவே குறை கேட்கலாமே என்று சக ஊழியர்கள் யோசனை சொன்னார்கள்.

அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் முன்னிலையில் பெண்களும் குத்தகை நிலத்தில் பயிரிடுவோரும் வாய் திறக்கவில்லை என்பதை நேரிலேயே பார்த்திருந்தேன். பண்பாட்டை மதிக்கிறோம் என்ற பெயரில், ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவர்களுக்கே இன்னொரு மேடை அமைத்துக் கொடுப்பதைச் சமூகப் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஆகவே குறைகளை வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்வது, பெண்களைப் பெண் ஊழியர்களே தனியே சந்திப்பது, சொன்னவர் பெயரைப் பெரியவர்களிடமும் ஆலை நிர்வாகத்திடமும் வெளியிடாதிருப்பது என்று முறையை வகுத்தோம்.

ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. நாட்டுக்கொரு முறை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது என்றது தலைமையகம். வணிக நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிப்பது குறித்து 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற வழிகாட்டுக் கோட்பாடுகள்தான் கைகொடுத்தன. குறைதீர்ப்பு முறை மக்களின் நம்பிக்கையைப் பெற்றதாகவும், அவர்கள் எளிதில் அணுகக்கூடியதாகவும், அவர்களைக் கலந்து வடிவமைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று அவற்றின் 31ஆம் கோட்பாடு கூறுகிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ சமூகப் பொறுப்புக்காக 2010இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 26000 வழிகாட்டியும் பண்பாட்டு வேறுபாடுகளைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது; ஆனால் சர்வதேச நடத்தை நெறிகளிலிருந்து விலகாமல். இறுதியில், குறை கேட்கும் வழியை உள்ளூரே தீர்மானிக்கலாம், இரகசியக் காப்பும் பதில் தருவதற்கான கெடுவும் எங்கும் மாறக்கூடாது என்று உடன்பாடு ஏற்பட்டது.

அடுத்த அறிக்கையில் புகார்கள் பெருகியதைக் கண்டு மேலிடம் பதறியது. விளக்கம் அளித்த பிறகு, எத்தனை குறைகள் தீர்ந்தன, அதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று காட்டும் பத்திகளை அறிக்கையில் சேர்த்தார்கள். முதலில் தீர்ந்தது புழுதிப் பிரச்சினை: சாலையில் தண்ணீர் தெளிக்கவும், பள்ளி நேரத்தில் லாரிகளை நிறுத்திவைக்கவும் ஆலை ஒப்புக்கொண்டது.