ஏழாம் மாதத்தில் வந்த இன்ஃபுளுவென்சா

கொழும்பில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதற்கேள்வி "டெங்குவோ?" என்பதுதான். பிள்ளைத்தாச்சிக்கு என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு 28ஆம் கிழமையில், டிசம்பர் மழைக்குள், இரவோடிரவாக 39 பாகைக்கு ஏறிவிட்டது. கை கால் உளைவு, தொண்டை நோ, வறட்டு இருமல். எங்கட வெள்ளவத்தை மாடிவீட்டில் பக்கத்துக் கதவுப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தார்கள். இலங்கையில் இன்ஃபுளுவென்சா வருடத்தில் இரண்டு தரம் தலைதூக்கும்: மே தொடக்கம் ஜூலை வரை ஒன்று, நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மற்றது. அந்த இரண்டாவதில்தான் நான் அகப்பட்டேன்.

குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கும் டெங்கு அன்டிஜன் சோதனைக்கும் எழுதித் தந்தார். பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு குளிசை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது என்றார். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் போன்ற நோக்குளிசைகளின் பக்கமே போகக் கூடாதாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டும். இல்லாவிட்டாலும் 20 கிழமைக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கும். அறிக்கை வந்தது. பிளேட்லெட் சரி, டெங்கு இல்லை. வீடே மூச்சு விட்டது. "தடிமன் காய்ச்சல்தானே பிள்ளை, மூண்டு நாளில போயிடும்" என்று மாமி கொத்தமல்லி அவித்துத் தந்தா.

என்னைக் கேட்டால் இந்த இடம்தான் பொல்லாதது. டெங்கு இல்லை என்றதும் எல்லாருக்கும் பயம் தெளிந்துவிடுகிறது, காய்ச்சல் மட்டும் அப்படியே நிற்கிறது.

கிளினிக்குக்கு வரவில்லையே என்று எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் தொலைபேசி எடுத்தா. காய்ச்சல் எத்தனை பாகை என்று அவ கேட்கவில்லை. "நிற்காமல் ஒரு வசனம் சொல்லுங்கோ பார்ப்பம்" என்றா. என் பெயரையும் விலாசத்தையும் சொல்லத் தொடங்கினேன். வீதிப் பெயருக்கு வரும்போதே மூச்சு வாங்கியது. "கிளினிக் நாள் பார்க்க வேண்டாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டா. ஓட்டோ பிடித்துப் பொரளைப் பக்கம் போனோம்.

வாசலிலேயே முகக்கவசம் தந்து, விரலில் ஒட்சிசன் பார்க்கும் கருவியைக் கொளுவினார்கள். 93 வீதம். எனக்கு அது மோசமான இலக்கமாகத் தெரியவில்லை. கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே போனால் பேசாமல் இருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். ஒரு தாளில் படம் கீறியே காட்டினார். கருப்பை வளர வளர, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் பிரிமென்றகட்டை மேலே தள்ளுகிறது. நுரையீரலில் கையிருப்பாக நிற்கும் காற்று குறைகிறது. உடம்புக்குத் தேவையான ஒட்சிசனோ 20 வீதமளவு கூடிவிடுகிறது. பிள்ளையை வெளியாளாக நினைத்துத் தாக்காமல் இருக்க நோயெதிர்ப்பும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. வருமானம் குறைந்து செலவு கூடின வீட்டுக்குள் விருந்தாளியும் வந்த கதை. மற்றவர்களுக்கு வெறும் தடிமனாகக் கழிவது கர்ப்பிணிக்கு நியூமோனியாவாக மாறுவது இதனால்தான்.

அடுத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பை வரைபெடுத்தார்கள். வழக்கமாக 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டியது, 175இல் ஓடியது. நான் அழத் தொடங்கிவிட்டேன். தாதி கையைப் பிடித்து, அரைகுறைத் தமிழில், "அம்மாட காய்ச்சல்தான், பிள்ளைக்கு வருத்தம் இல்லை" என்றா. உண்மைதான். தாய் கொதித்தால் பிள்ளையின் இதயமும் வேகமாக அடிக்கும். காய்ச்சல் இறங்க இறங்க, வரைபில் கோடும் இறங்கி வந்ததைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஃபுளுவென்சா வைரஸ் பெரும்பாலும் சூல்வித்தகத்தை (நஞ்சுக்கொடியை) தாண்டிப் பிள்ளையிடம் போவதில்லை. தாயின் கடுங்காய்ச்சலும் ஒட்சிசன் குறைவும்தான் பிள்ளையைப் பாதிக்கின்றன. முதல் மாதங்களில் கடுங்காய்ச்சல் வந்தால் பிள்ளையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகளுக்கான ஆபத்து கூடலாம். என்னைப் போலப் பிந்திய மாதங்களில் பயம் குறைமாதப் பிரசவமும் நிறைக்குறைவும்.

மூக்கில் துடைத்தெடுத்த மாதிரியை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமலே ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 75 மில்லிகிராம் காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாளுக்கு, தொடங்கிவிட்டார்கள். அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நல்ல பலனாம்; பிந்தினாலும் கர்ப்பிணிக்குக் கொடுக்காமல் விடுவதில்லை.

இதற்குத்தான் மாமி குறுக்கே நின்றா. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இவ்வளவு பெரிய மருந்தா? நெஞ்சுக்கு எக்ஸ்ரே வேறு! டொக்டர் பொறுமையாகவே பதில் சொன்னார். 2009இல் எச்1என்1 என்ற இன்ஃபுளுவென்சா வகை உலகெங்கும் பரவியபோது எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. அந்த முறை உயிரிழந்தவர்களில் கர்ப்பிணிகளின் பங்கு, சனத்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிக அதிகம். நெஞ்சு எக்ஸ்ரேயில் பிள்ளைக்குப் போகும் கதிர்வீச்சு மிகமிகச் சொற்பம். மாமி தலையாட்டினாலும் நம்பின முகமாகத் தெரியவில்லை. மருந்துக்குப் பயப்படுகிற அளவுக்கு நோய்க்குப் பயப்படாதது எங்கள் ஆட்களின் பழக்கம்.

மூக்குக் குழாயில் ஒட்சிசன், தலையணைகளை அடுக்கி நிமிர்த்திப் படுக்கை, களைத்தால் இடப்பக்கம் சரிவு. சாப்பாடு இறங்கவில்லை, தேசிக்காய்த் தண்ணீர்தான் ஓடியது. பிள்ளை உதைப்பதை எண்ணிக் குறிக்கச் சொன்னார்கள். முடிவு இன்ஃபுளுவென்சா ஏ என்று வந்தது. அதற்குள் எனக்கு எழுந்து நடக்க முடிந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமல் மட்டும் தைப்பொங்கல் தாண்டியும் விடவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் வளர்ச்சியும் நீரும் சரியாகவே இருந்தன.

பின்னர் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றிக் கேட்டேன். உயிரற்ற வைரஸால் ஆனது, எந்த மாதத்திலும் போடலாம். எனக்கு ஒரு வகை வந்து போனாலும் ஊசி வேறு வகைகளையும் தடுக்கும். ஆறு மாதம் ஆகும்வரை கைக்குழந்தைக்கு இந்த ஊசி இல்லை. தாயிடமிருந்து போகும் பிறபொருளெதிரிதான் (நோயை எதிர்க்கும் புரதம்) அதற்குக் காவல். உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே கர்ப்பிணிகளை முன்வரிசையில் வைத்துவிட்டது. கிளினிக்கில் ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) இலவசமாகப் போட்டார்கள். இன்ஃபுளுவென்சா ஊசிக்குத் தனியாரிடம் காசு கட்டினேன். குழந்தையைத் தூக்கப்போகிறவர்கள் என்று இவருக்கும் மாமிக்கும் சேர்த்தே போடுவித்தேன். கை நோகுது கை நோகுது என்று மாமி கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தா. பனடோல் கொடுத்தேன், மறுபேச்சில்லாமல் விழுங்கினா.