குடிக்காதவளுக்குக் கணைய நோய்

"மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்று என்னிடம் கேட்டது போதாமல், என் கணவரைத் தனியே அழைத்தும் விசாரித்த மருத்துவர்கள் உண்டு. செரிமான நொதிகளையும் இன்சுலினையும் சுரக்கும் கணையம் கெட்டுவிட்டது என்றாலே குடிதான் காரணம் என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் சேலத்தில் பள்ளி ஆசிரியை. மதுவின் வாசனை வந்தாலே தள்ளி நிற்பவள்.

பதின்வயதிலிருந்தே மேல்வயிற்றில் வலி வரும், முதுகு வரை பாயும். அல்சர் என்றே காலம் போனது. பிறகு எடை கரைந்தது, சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. இதை யாரிடம் சொல்வது? எந்த மருத்துவரும் கேட்கவும் இல்லை.

கடைசியாகப் பார்த்த குடல்நோய் மருத்துவர்தான் கேட்டார். சி.டி. ஸ்கேனில் கணையக் குழாய் முழுக்கக் கற்கள். மது ஒன்றுதான் காரணம் என்று அவர் எண்ணவில்லை. ரத்தத்தில் கால்சியம், டிரைகிளிசரைடு, உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ஐ.ஜி.ஜி.4, கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐ.ஜி.ஜி.4 வகையாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுப்பார்களாம். சீலியாக் என்றால் கோதுமை முதலான குளூட்டன் உள்ள தானியங்களை விட்டாலே பலருக்குக் கணையம் தேறிவிடுமாம். எனக்கு எதுவும் இல்லை. எஞ்சியது வெப்பமண்டலக் கணைய அழற்சி. 1960களில் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய நோய் இது. மரவள்ளிக் கிழங்கின் மீது அந்நாளில் பழி விழுந்தது, அது நிரூபணமாகவில்லை. ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் காணப்படுகிறது. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் நிறைந்த ஊர்க்காரிக்கு, கிழங்கின் மீதான பழி நிரூபணமாகவில்லை என்று கேட்டதில் கொஞ்சம் நிம்மதி.

அடுத்து, கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்னும் நொதி மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது இயல்பு. எனக்கு 100கூட இல்லை. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதி பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகுதான் மலத்தில் எண்ணெய் தெரியும் என்றார் மருத்துவர். அதுவரை கணையம் சத்தமில்லாமல் சமாளிக்கிறது.

மருந்து, பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் நொதி கேப்ஸ்யூல். எங்கள் வீடு சைவம். அத்தை ஒரே வரியில் முடித்தார்: "மருந்துக்கு ஏதம்மா சைவம் அசைவம், நீ போடு."

மருந்துக்கடைக்காரர் உறையில் 'உணவுக்குப் பின்' என்று குறித்துக் கொடுத்தார். பல வாரங்கள் ஒரு மாற்றமும் இல்லை. உணவியல் நிபுணர் அந்த உறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சோறு இறங்கிப் போன பிறகு நொதி போய் யாரைச் செரிக்கும்? முதல் கவளத்தோடு ஒன்று, சாப்பாட்டின் நடுவில் ஒன்று என்று மாற்றினார், ஒவ்வொன்றும் 25,000 யூனிட். மாலையில் வடை, பஜ்ஜி என்றால் ஒன்று போதும். வெறும் பழத்துக்குத் தேவையில்லை. மென்று விழுங்கக் கூடாது. அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்தது, ஏனெனில் கணையம் காரநீரைச் சுரக்காததால் சிறுகுடலிலும் அமிலம் மிஞ்சி, நொதியைக் கெடுக்கிறது. எண்ணெயையும் நெய்யையும் ஒதுக்கச் சொன்ன உறவினர் அறிவுரைகளையெல்லாம் அவர் ரத்து செய்தார். எடை குறைந்தவளுக்குக் கொழுப்பு வேண்டும், அதற்கேற்ப நொதி வேண்டும், அவ்வளவுதான்.

எடை ஏறத் தொடங்கியதும் சர்க்கரையும் ஏறியது. உணவு இப்போதுதான் உண்மையாகவே உடலில் சேர்கிறது என்பதால் இன்சுலின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. கேப்ஸ்யூல் தொடங்கும்போதே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; என்னிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வைட்டமின் ஏ, டி இரண்டும் குறைந்திருந்தன, அவற்றுக்கும் மாத்திரை உண்டு. எலும்பு அடர்த்தி ஸ்கேன் அடுத்த மாதம். கேப்ஸ்யூலுக்குச் சூடு ஆகாது. சேலத்துச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து மறந்தால் வீரியம் போய்விடும். ஆகவே ஓர் அட்டை எப்போதும் ஆசிரியர் அறை மேசையில் இருக்கிறது.