கை நிற்கக் கூடாது: கச்சேரித் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

முடிவு வெளியாகி நான்கு நாள்கள் ஆகின்றன. கர்நாடக வாய்ப்பாட்டுப் பட்டயப் படிப்பின் இறுதியாண்டுக் கச்சேரித் தேர்வில், இரண்டாவது முயற்சியில், நான் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். மொரீஷியஸின் ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது கைப்பேசியில் முடிவைப் பார்த்தேன்; நெடுநாள் பாரம் ஒன்று இறங்கியது. அது நிம்மதி. ஆனால் நிறைவு அன்று வரவில்லை. அது ஐந்து வாரங்களுக்கு முன்பே, தேர்வு நடந்த மாலையில், மதிப்பெண் என்னவென்று யாருக்கும் தெரியாத நேரத்திலேயே வந்துவிட்டிருந்தது. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு முதல் முயற்சியை நான் வீணாக்கினேன். அடுத்து மேடையேறப் போகிறவர்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்பதால் அதை விவரிக்கவில்லை. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் ஒரு மணி நேரத்தில் எனக்கு இருமுறையும் சோதனையாக அமைந்த இடம் ஒன்றுதான்: பிரதான உருப்படியில், அப்போதைக்கு அப்போது கற்பனையாகப் பாடும் கற்பனைஸ்வரம் முடிந்து, பாட்டின் அடி தாளத்தில் தொடங்கும் புள்ளியான எடுப்புக்கு வந்து சேரும் இடம்.

முதல் முயற்சியில் கல்யாணி ராகத்தைப் பிரதானமாக எடுத்திருந்தேன். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம், தாளச் சுற்று தொடங்கும் சமத்திலிருந்து அரை அட்சரம், அதாவது அரை எண்ணிக்கை, தள்ளி எடுப்பு. ஆலாபனையும் நிரவலும் நன்றாகவே போயின. ஸ்வரத்தின் இறுதியில், மும்முறை பாடி முடிக்கும் ஸ்வரக் கோவையான கோர்வையை மூன்றாம் முறை பாடி முடித்தபோது எடுப்பில் வந்து விழாமல் சமத்திலேயே விழுந்துவிட்டேன். அரை அட்சரம்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் நான் பாட்டை நிறுத்தினேன். தாளம் போட்டுக்கொண்டிருந்த கையைத் தொடையிலிருந்து எடுத்தேன். தேர்வாளர்களைப் பார்த்து "மன்னிக்க வேண்டும்" என்று சொன்னேன். மிருதங்கம் நின்றது, வயலின் நின்றது, சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பாடியவற்றில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆயினும் அது கச்சேரியாக இல்லை. அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது தோல்வி வரப்போகிறதே என்ற பயத்தைவிட, ஒன்றைத் தொடங்கி முடிக்காமல் வந்துவிட்டேன் என்ற உணர்வே என்னை அதிகம் வருத்தியது. மூன்று மனிதர்கள் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த ஒன்றை நான் ஒருத்தியாகக் கலைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏன் நிறுத்தினேன் என்பதை யோசிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. விடை எளியது: ஏழாண்டுகளாக நான் நிறுத்தவே பயின்றிருந்தேன். பாட்டடியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி ஒன்று வகுப்பில் பிசகினால் ஆசிரியை நிறுத்துவார். வீட்டில் பிசகினால் நானே நிறுத்துவேன். கற்றுக்கொள்வதற்கு அது சரியான முறைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிழை வந்தவுடன் நிற்பது அவ்வளவு காலம் பழகிய பிறகு, மேடையில் மட்டும் நிற்காமல் இருப்பது எப்படி முடியும்?

மாற்று வழியை எனக்குக் காட்டியது தைப்பூசம். நம் தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாளின் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை காவடிக்கு முன்னால் பாடிச் செல்லும் குழுவில் என் மாமா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடி வருகிறார். முறையாக இசை பயின்றவர் அல்லர். தோல்விக்குப் பிறகு வந்த தைப்பூசத்தில் நானும் அந்தக் குழுவோடு நடந்தேன். தார்ச்சாலை கொதித்தது, பாதி வழியில் மாமாவின் குரல் கம்மிவிட்டது, ஒரு பாடலின் இரண்டாம் அடி அவருக்கு மறந்தும் போயிற்று. அவர் நிற்கவில்லை. கையிலிருந்த ஜால்ரா ஒரு தட்டும் தவறவில்லை, பக்கத்தில் நடந்தவர் அடியை எடுத்துக் கொடுத்தார், பாட்டு தொடர்ந்தது. பின்னால் அலகு குத்திக்கொண்டு வருகிறவர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். ஆகவே பாடுகிறவருக்கு நிற்கும் உரிமை இல்லை. மாலையில் கோயில் வாசலில் அமர்ந்திருந்தபோது மாமாவின் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்தேன். எனக்குத் தேர்வு முடிந்த இரவில் கிடைக்காதது அதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து நான் கைக்கொண்டது ஒரே ஒரு விதி: வாய் நின்றாலும் கை நிற்கக் கூடாது. சொல் மறக்கலாம், சங்கதி தடுமாறலாம், மூச்சு போதாமல் போகலாம். தட்டும் விரல் எண்ணிக்கையும் வீச்சும் மட்டும் தம் வழியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கை போய்க்கொண்டிருந்தால் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். திரும்பிப் போய்ச் சேர்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பழகுவதற்கு நான் செய்தது முழு ஓட்டம். மூன்று மாதங்களில் 14 முறை, வர்ணம் முதல் மங்களம் வரை, யாராவது ஒருவர் எதிரே அமர்ந்திருக்க, ஒரு மணி நேரமும் இடைநிறுத்தாமல் பாடினேன். எதிரே ஆள் இருப்பது இன்றியமையாதது. தனியறையில் பாடும் முழு ஓட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பாட்டி கேட்டார், பக்கத்து வீட்டார் கேட்டனர், வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயிலில் தங்கியிருந்த ஐந்தாறு பேர் கேட்டனர். எத்தனை முறை கை நின்றது என்பதை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். முதல் ஓட்டத்தில் 11 முறை, ஏழாவது ஓட்டத்தில் இரண்டு, பத்தாவதிலிருந்து ஒன்றுமில்லை. பிழைகள் அப்போதும் இருந்தன. அவற்றை மறுநாள் காலைப் பயிற்சியில் தனியே எடுத்து, வழக்கம்போல் நிறுத்தி நிறுத்தித் திருத்தினேன். இரண்டு பயிற்சிகளையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்:

– சாகித்தியத்தை, அதாவது பாடல் வரிகளை, தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பாடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதில் குறில் நெடில் வேறுபாடு தெரியாமல் போகிறது. தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு, தமிழ் இசை நூல்களில் இருப்பதுபோல், ஒரே எழுத்தின் வேறு ஒலிகளைக் காட்ட அதன் மேல் 2, 3, 4 என்று எண் இட்டுக்கொண்டால் ஒலிப்பும் கெடாது.

– பக்கவாத்தியக்காரர்களோடு குறைந்தது நான்கு முறை முழு ஓட்டம் பாடுங்கள். ஒரே ஒரு ஒத்திகையோடு போவது அவர்களுக்கும் நியாயமில்லை.

– மறுநாள் காலையில் எழுத்துத் தேர்வோ அலுவலகப் பொறுப்போ இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு தூக்கம் வராது.

– மேடைக்கு முந்தைய ஒரு மணி நேரம் யாரோடும் பேசாதீர்கள். இது என் இயல்புக்கு ஏற்றது என்பதை அறிவேன். பேச்சினால் தெம்பு பெறுகிறவர்களும் உண்டு. இருந்தாலும் ஒருமுறையாவது முயன்று பாருங்கள்.

– படபடப்பை அடக்க முயலாதீர்கள். 2014இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், பாடுவதற்கு முன் "பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட "ஆவலாக இருக்கிறது" என்று சொன்னவர்கள் சுருதியும் தாளமும் சேர்ந்து நன்றாகப் பாடினார்கள். நெஞ்சு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது. நாம் அதற்கு வைக்கும் பெயர்தான் வேறு. நான் தமிழில் மூன்று முறை மெல்லச் சொல்லிக்கொண்டேன்.

இனி அந்த மாலை. காலையிலிருந்தே மழை. ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து என் சுருதியான ஐந்து கட்டையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. மிருதங்க அண்ணா கல்லும் கட்டையுமாக, வலப்பக்கத் தோலான வலந்தலையைத் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ரவான் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆட்டுத்தோல் போர்த்திய அந்தப் பறையை, நம் தீவின் பாட்டும் ஆட்டமுமான சேகா தொடங்குவதற்கு முன், தீயில் காட்டிச் சூடேற்றித்தான் வாசிப்பார்கள். அந்த நாட்டுப்புறச் சேகாவை யுனெஸ்கோ 2014இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விடியும் வரை வாசித்துவிட்டு வீடு திரும்பும் நாள்களில் அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "மோ லெக்கேர் கொந்தான்" என்பார். உள்ளம் மகிழ்ந்திருக்கிறது என்று கிரியோலில் சொல்வது அது. கூட்டம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மிருதங்கம் சேர்வதற்குக் காத்திருந்த நேரத்தில் அவருடைய அந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பாடினேன். கல்யாணியையே மீண்டும் எடுத்திருந்தேன், அதே எடுப்பு. கோர்வையின் மூன்றாம் முறையில், நம்புவீர்களோ இல்லையோ, மறுபடியும் வழுக்கினேன். இம்முறை எடுப்புக்கு முன்பாகவே முடித்துவிட்டேன். கை நிற்கவில்லை. அடுத்து என்ன பாடுவதென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கை நிற்கவில்லை. அண்ணா என்னைப் பார்க்காமலேயே தாளத்தைத் தாங்கிப் பிடித்தார். வயலின் நிஷாத ஸ்வரத்தில் நீண்டு நின்றது. நான் இன்னும் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, ஸ்வரம் பாடி, கோர்வையை மீண்டும் எடுத்து, எடுப்பில் வந்து இறங்கினேன். முன்வரிசையில் யாரோ "ஆகா" என்றார். பிழையை உணர்ந்துதான் சொன்னாரா, உணராமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பின் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம். நிறைவு என்னிடம் வந்து சேர்ந்தது அந்த எட்டு நிமிடங்களில்தான் என்பதைத் தயங்காமல் சொல்வேன். அப்போது நான் பாடவில்லை. தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாவின் விரல்கள் காலத்தை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டிருந்தன, அவர் எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் என் கையைத் தேடித்தான் திரும்பி வந்தார். சற்று முன்பு அவர் எனக்காகப் பிடித்து வைத்திருந்ததை இப்போது நான் அவருக்காகப் பிடித்து வைத்திருந்தேன். அவையில் இருந்தவர்களில் சிலரும் தத்தம் தொடையில் தாளம் போடத் தொடங்கியிருந்தனர்; பாட்டி போட்டார். இந்தக் கச்சேரி முறையை வகுத்து நிலைபெறச் செய்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், பாடகர் வாய்மூடி உடனிருக்கும் தனி ஆவர்த்தனத்திற்கும் அதில் உரிய இடம் வைத்திருப்பதன் அருமையை அன்று உணர்ந்தேன்.

இசையை வெறுமனே கேட்பவர்களைவிட, பாடியும் கொட்டியும் ஆடியும் அதில் ஈடுபடுகிறவர்களுக்கு வலி தாங்கும் அளவு உயர்கிறது என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. உடலில் எண்டார்பின் சுரப்பதன் அடையாளமாக ஆய்வாளர்கள் அதைக் கொண்டனர். ஒரு மணி நேரம் சம்மணமிட்டு அமர்ந்தால் வழக்கமாக மரத்துப்போகும் என் கால் அன்று மங்களம் முடிந்து எழும் வரை தன் இருப்பையே காட்டவில்லை.

பின்னர் நடந்தவற்றையும் அறிந்து வைத்திருங்கள், ஏனெனில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் கடும் பசி வரும். பிறகு காரணமின்றிச் சிரிப்பும் பேச்சும் வரும். மேடைக்காக ஏறிய கிளர்ச்சி உடனே வடிந்துவிடுவதில்லை. நான் விடியற்காலை இரண்டு மணி வரை விழித்திருந்தேன். மறுநாள் பிற்பகலில் ஒரு வெறுமை இறங்கும். மூன்று மாதங்கள் நிறைந்திருந்த இடம் காலியாகிவிட்டதால் வருவது அது, கச்சேரி நன்றாக இல்லை என்பதற்கான அறிகுறி அன்று. அந்த நேரத்தில் ஒலிப்பதிவைக் கேட்காதீர்கள்; பிழை மட்டுமே காதில் விழும். பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு வெற்றிலை பாக்குப் பழத்தட்டோடு நேரில் போய் நன்றி சொல்லுங்கள். நான் அண்ணாவின் வீட்டுக்குப் போனபோது, வழுக்கிய இடத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார்: "உங்க கை போய்க்கிட்டே இருந்துச்சு தங்கச்சி, அதனால எனக்குப் பயமே இல்லை."

ஒலிப்பதிவை மூன்றாம் நாள் காலையில் கேட்டேன். அந்த ஓர் ஆவர்த்தனத்தில் என் குரல் வழி தேடுவது நன்றாகவே கேட்கிறது. ஒலிவாங்கி மடிக்கு அருகில் இருந்ததால், அதற்கு அடியில் தொடையில் விழும் தட்டும் கேட்கிறது, ஒன்றும் விடாமல்.